மது வாங்கும் வயது 21 ஆகவே இருக்கட்டுமா, 18 ஆகக் குறைப்பதா?

மருதநிழல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். உயர்தர வகுப்பு மாணவர்களுக்குக் கணிதம் கற்பிப்பது என் தொழில். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதையே செய்து வருகிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் இளைஞர்களின் போதைப் பழக்கம் பற்றிக் கூட்டம் ஒன்று நடந்தது. அதில் பேசிய ஒருவர், மது வாங்கும் வயதை 21 இலிருந்து 18 ஆகக் குறைத்துவிட்டால் ஒளித்துக் குடிப்பது குறையும் என்றும், தடுத்து வைத்த பண்டத்தின் மீதுதான் இளம் வயதில் ஆசை பெருகும் என்றும் சொன்னார். கூடியிருந்தவர்களில் பலர் தலையசைத்தார்கள். அவர் நேர்மையாகத்தான் பேசினார், ஆகையால் எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. ஆனால் அவருக்கு அங்கே எழுந்து மறுமொழி சொல்லாமல் வீடு திரும்பியது என் மனதை உறுத்துகிறது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

இலங்கையில் 21 வயது நிறையாத ஒருவருக்கு மதுவோ புகையிலையோ விற்கக்கூடாது என்பதைச் சொல்வது 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம். மது, புகையிலை விளம்பரங்களைத் தடை செய்ததும் அதே சட்டந்தான். அந்த வரம்பை நான் ஏன் விட்டுக்கொடுக்க விரும்பவில்லை என்பதற்கு ஆய்வுகளைத் தேடிப் போவதற்கு முன், நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு புதன்கிழமை மாலை, வகுப்பு முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது, தோட்டவெளிக்கு நடுவில் உள்ள மதகில் என் மாணவன் ஒருவன் குனிந்திருந்து சத்தி எடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவனுடைய புத்தகப்பை திறந்தபடி கிடந்தது. அதற்குள் பயிற்சிக் கொப்பிகளுக்கு நடுவில் ஒரு சோடாப் போத்தல், பாதிக்கு மேல் வெறுமையாக. சாராயத்தைச் சோடாவுடன் கலந்து கொண்டுவந்திருக்கிறார்கள். அவனுடன் இருந்த இருவர் என்னைக் கண்டதும் எழுந்து ஓடவில்லை, ஓடும் நிலையிலும் அவர்கள் இருக்கவில்லை. அருகில் இருந்த தோட்டக் கிணற்றுக்கு அவனை அழைத்துப்போய் முகத்தைக் கழுவி, வெள்ளைச் சேட்டைத் தண்ணீரில் அலசிப் பிழிந்து கொடுத்தேன். அவன் அப்போது 18 வயதைத் தாண்டி இரண்டு மாதம். மற்ற இருவரில் ஒருவனுக்கு 17, இன்னொருவனுக்கு 16.

வயதை 18 ஆக்கினால் அந்த மூவரில் ஒருவன் கடைக்குப் போய்ச் சட்டப்படி வாங்கிவரலாம், மற்ற இருவருக்கும் அவனே கடையாகிவிடுவான். எங்கள் பிள்ளைகள் 19 வயது வரையும், பரீட்சையைத் திரும்ப எடுப்பவர்கள் 20 வயது வரையும் பள்ளி வகுப்பிலோ ரியூசன் வாங்கிலோ இருக்கிறார்கள். பதினெட்டு வயதுக்காரன் பதினாறு வயதுக்காரனுக்குப் பக்கத்தில் இருக்கிறான் என்பதை மறந்துவிட்டு இந்த விடயத்தைப் பேசக்கூடாது.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தயங்காமல் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வளாகத்தான் எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருட மாணவன். எனக்கு இப்போது 22 வயது, ஆகையால் எனக்காக இதைக் கேட்கவில்லை.

1989 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டம் முழுவயது எய்தும் வயதை 21 இலிருந்து 18 ஆகக் குறைத்தது. பதினெட்டு வயதில் நான் வாக்களிக்கிறேன், காணி எழுதுகிறேன், திருமணம் செய்துகொள்ளலாம், குற்றம் செய்தால் முழுவயதினனாக விசாரிக்கப்படுகிறேன். நாட்டை ஆளப்போகிறவரைத் தெரிவு செய்யும் அறிவு உண்டு, ஒரு பியர் போத்தலைத் தவிர்ப்பதா குடிப்பதா என்று முடிவு செய்யும் அறிவு இல்லை என்று ஒரே அரசு ஒரே மனிதனுக்குச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. எங்கள் மாணவர்களில் பெரும்பாலானோர் வளாகத்தைச் சுற்றியுள்ள வீடுகளில் அறை எடுத்துத் தங்குகிறார்கள். வீட்டுக்காரர் கோயிலுக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் குடித்து முடித்து, போத்தலையும் மறைத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் ஒரு முழுப் போத்தலை நாற்பது நிமிடத்தில் நான்கு பேர் முடித்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்படிக் குடிப்பதால்தான் ஆபத்து வருகிறது. அமெரிக்காவில் இதே காரணத்தைச் சொல்லி, மிடில்பரி கல்லூரியின் முன்னாள் தலைவர் ஜோன் மக்கார்டெல் 2008 இல் ஒரு முயற்சியைத் தொடங்கினார். 21 வயது வரம்பை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று நூற்றுக்கு மேற்பட்ட கல்லூரித் தலைவர்கள் அதில் ஒப்பமிட்டார்கள். தினமும் மாணவர்களுடன் பழகுகிறவர்கள் அவர்கள். ஜேர்மனியில் பியரும் வைனும் 16 வயதில் வாங்கலாம். அங்கே பிள்ளைகள் பெற்றோரின் மேசையில் குடிக்கப் பழகுகிறார்கள், மதகடியில் பழகுவதில்லை.

நீதிவாசல் எழுதியது:

நான் சட்டத்தரணி. ஒரு தவறான எண்ணத்தை மட்டும் திருத்திவிட விரும்புகிறேன்.

2006 ஆம் ஆண்டுச் சட்டம் விற்பனையைப் பற்றியது. 21 வயதுக்குக் குறைந்த ஒருவருக்கு விற்பதும், விற்க முன்வருவதும், விற்க அனுமதிப்பதும் குற்றம். அந்த வயது வரம்புக்குப் பதில் சொல்ல வேண்டியவர் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவர். இளைஞனைக் குற்றவாளி ஆக்குகிறார்கள், ஆகவே வரம்பைக் குறைக்க வேண்டும் என்ற வாதம் அமெரிக்க நிலைமையைப் பார்த்து எழுந்தது. அங்கே பல மாநிலங்களில் வயது குறைந்தவர் மதுவைக் கையில் வைத்திருப்பதே குற்றமாகும்.

முழுவயது பற்றித் தம்பி எழுதியது சரியான கேள்வி. ஆனால் சட்டம் எல்லாவற்றுக்கும் ஒரே வயதை எங்கும் வைத்ததில்லை. இந்த நாட்டில் கட்டாயக் கல்வி 16 வயதுவரை, வாக்கு 18 இல், புகையிலையும் மதுவும் 21 இல். ஒவ்வொரு வரம்பும் அந்தந்தச் செயலால் வரக்கூடிய தீங்கைப் பார்த்து வைக்கப்பட்டது. தவறாக வாக்களித்த ஒருவன் அன்று இரவே வல்லை வெளியில் மோட்டார் சைக்கிளுடன் விழுந்து கிடப்பதில்லை.

பனிநிலம் எழுதியது:

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். நான் படித்ததும் வளர்ந்ததும் யாழ்ப்பாணத்து வடமராட்சியில். இங்கே வந்து 31 ஆண்டுகள் ஆகின்றன. ஆசிரியர் எழுதியதைப் படித்தபோது இந்த மாகாணத்தில் நடந்ததுதான் நினைவுக்கு வந்தது.

ஒன்ராறியோ மாகாணம் 1971 இல் முழுவயதைக் குறைத்தபோது மது வயதையும் 21 இலிருந்து 18 ஆகக் குறைத்தது. வளாகத்தான் தம்பி சொல்லும் அதே நியாயந்தான் அப்போதும் சொல்லப்பட்டது. 1979 இல் அதை 19 ஆக உயர்த்தினார்கள். அதற்கு முக்கிய காரணம் பள்ளிக்கூடம். அந்தக் காலத்தில் இங்கே பதின்மூன்றாம் வகுப்பும் இருந்தது. 18 வயது மாணவர்கள் வகுப்பில் இருந்தபடியே வாங்கித் தங்களைவிட இளையவர்களுக்குக் கொடுத்தார்கள். வயதை 19 ஆக்கினால் வாங்குகிறவன் பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே போய்விடுவான் என்று கணக்கிட்டார்கள். பதின்மூன்றாம் வகுப்பு இல்லாமற்போன பின்பும் அந்த வயதை அவர்கள் மாற்றவில்லை. எங்கள் ஊரில் பிள்ளைகள் எத்தனை வயதுவரை பள்ளியில் இருக்கிறார்கள் என்பதை வைத்துப் பார்த்தால் 19 கூடப் போதாது.

இன்னொன்று, ஒட்டாவாவில் ஆற்றைக் கடந்தால் கியூபெக் மாகாணம். அங்கே வயது 18. ஒன்ராறியோப் பிள்ளைகள் பாலத்தைக் கடந்து போய்க் குடித்துவிட்டுத் திரும்பி வருவது நெடுங்காலமாக உள்ள வழக்கம். அமெரிக்காவில் 1984 இல் எல்லா மாநிலங்களும் 21 ஆக்க வேண்டும், இல்லையேல் நெடுஞ்சாலைப் பணத்தில் ஒரு பகுதி வெட்டப்படும் என்று சட்டம் வந்ததற்கும் இத்தகைய எல்லை தாண்டும் பயணங்களும் அவற்றில் நேர்ந்த விபத்துகளும் ஒரு காரணம். வயதை உயர்த்திய மாநிலங்களில் இளையோரின் வாகன விபத்துகள் ஏறத்தாழ 16 வீதம் குறைந்ததாக அந்த நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் சொல்கிறது.

என் மகன் 19 ஆவது பிறந்தநாளன்று மாகாண அரசின் மதுபானக் கடைக்கு நண்பர்களுடன் போனான். 25 வயதுக்குக் குறைந்தவர் போலத் தோன்றுகிற எவரிடமும் அடையாள அட்டை கேட்க வேண்டும் என்பது அங்கே விதி. அட்டையை வாங்கிப் பார்த்து, பிறந்த திகதியை இன்னொரு முறை வாசித்துவிட்டுத்தான் கொடுத்தார்களாம். வயது எண்ணைவிட அந்தப் பழக்கந்தான் என்னைக் கவர்ந்தது.

பனையடி எழுதியது:

என் தகப்பனார் சீவல் தொழிலாளி. இந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் கள்ளுத் தவறணையில்தான் பழி வந்து நிற்கும் என்பதால் முந்திக்கொண்டு எழுதுகிறேன்.

தை பிறந்தால் அப்பா விடியப் புறம் நான்கு மணிக்கு எழும்புவார். இடுப்பில் பாளைக்கத்தி, தோளில் முட்டி. சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறங்குவது புளிக்காத கருப்பணி. அதைத்தான் நாங்கள் சிறுவர்களாகப் பிளாவில் வாங்கிக் குடித்தோம். சுண்ணாம்பு இல்லாத முட்டியில் வெயில் ஏறுவதற்கு முன்பே நுரைக்கத் தொடங்கிவிடும். 1972 இல் கூட்டுறவுச் சங்கங்கள் வந்த பிறகு கள் சங்கத்துக்குப் போய், அங்கிருந்து தவறணைக்குப் போனது. தவறணையில் அளந்து ஊற்றியவருக்கு அந்த ஊரின் ஒவ்வொரு வீடும் தெரியும். மீசை அரும்பாத ஒருவன் வாசலில் நின்றால், "நீ இன்னாற்றை பெடியன் அல்லவா, கொப்பரிட்டைச் சொல்லட்டோ" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்கு முன் நிற்க எவனாலும் முடியாது. அன்றைக்கு வயது வரம்பு அந்த மனிதரின் நினைவில் இருந்தது.

கள் குறைந்த வெறி, அதைப் பிள்ளைகளுக்கு விடலாம் என்று யாராவது சொல்வீர்களானால், நான் அதற்கும் உடன்படமாட்டேன். நன்றாகப் புளித்த கள்ளில் பியரில் இருக்கிற அளவுக்கு மதுசாரம் இருக்கிறது. என் தகப்பனார் கள்ளை இறக்கினார். 58 வயதில் ஈரல் கெட்டுத்தான் இறந்தார். எங்கள் தொழிலை நான் மதிக்கிறேன், என் பிள்ளை அதைக் குடிக்கும் வயதை அவன் எவ்வளவு தள்ளிப்போடுகிறானோ அவ்வளவுக்கு நல்லது என்றும் நினைக்கிறேன்.

கடையோரம் எழுதியது:

நான் இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஆறு ஆண்டுகள் ஒரு வைன் ஸ்ரோரில் விற்பனையாளராக வேலை செய்தேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆனால் அங்கே நடந்ததை எழுதாமல் இந்த விவாதம் முழுமை பெறாது என்று நினைக்கிறேன்.

எங்களுக்கும் வாங்குபவருக்கும் நடுவில் கம்பி வலை. அதில் போத்தல் நுழையும் அளவுக்கு ஒரு துவாரம். மாலை ஆறு மணிக்குப் பிறகு, அதுவும் நாளைக்குப் பௌர்ணமி, கடை பூட்டு என்றால், துவாரத்துக்கு முன்னால் முப்பது நாற்பது பேர் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். எனக்குத் தெரிவது ஒரு கையும் அதில் மடித்த ஆயிரம் ரூபாய்த் தாளும். "கால்", "அரை" என்று ஒரு குரல். முகம் வெளிச்சத்துக்கு வெளியே இருக்கும். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கப்படமாட்டாது என்ற பலகை என் தலைக்குப் பின்னால், மேல் தட்டில், போத்தல்களுக்கு மேலே தொங்கியது. அதை வாசிக்க வேண்டியவர் நான் என்பது அங்கே வேலையை விட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஆறு ஆண்டுகளில் நான் அடையாள அட்டை கேட்டது இரண்டு முறை. முதல் முறை கேட்டபோது அந்தப் பையன் திரும்பிப் போய்விட்டான், ஐந்து நிமிடத்தில் ஓட்டோக்காரர் ஒருவர் அதே தொகைக்கு அதே போத்தலை வாங்கிப்போனார். இரண்டாம் முறை கேட்டபோது முதலாளி உள்ளே கூப்பிட்டு, வரிசையை மறிக்க வேண்டாம் என்றார். அதோடு நான் கேட்கவில்லை. அது என் தவறு, அதை மறைக்கவில்லை.

ஆகையால் 21 ஐ 18 ஆக்கினால் என்ன நடக்கும் என்று என்னைக் கேட்டால், வலைக்கு இந்தப் பக்கம் எதுவும் மாறாது என்பேன். வலைக்கு அந்தப் பக்கம் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் கொஞ்சம் துணிவோடு வந்து நிற்பான். இன்றைக்கு 21 என்று எழுதியிருக்கிறபோது 17, 18 வயதுப் பிள்ளைகள் வருகிறார்கள். 18 என்று எழுதினால் அதற்குக் கீழே உள்ளவர்கள் வருவார்கள். எழுதிய எண்ணுக்கு மூன்று வயது கீழேதான் எப்போதும் வரிசை தொடங்குகிறது. இது நான் நின்று பார்த்தது.

ஆனிவெயில் எழுதியது:

கடையோரம் சகோதரர் எழுதியதற்கு நன்றி. அதை எழுத மனம் வந்திருப்பதே பெரிய விடயம்.

பெண்களின் பக்கத்திலிருந்து ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். இந்த நாட்டில் பெண்களுக்கு மது விற்கக்கூடாது என்ற விதி 1979 இலிருந்து இருந்தது. 2018 சனவரியில் அப்போதைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களுக்குள் அப்போதைய சனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தைத் திரும்பப் பெறும்படி பணித்தார். அது உச்ச நீதிமன்றம் வரை போனது. நான் குடிப்பதில்லை, குடிக்க விரும்பவும் இல்லை. ஆனாலும் முப்பத்தைந்து வயதுப் பெண் வாங்குவது பண்பாட்டுக்கு இழுக்கு என்று இரண்டு வாரம் கொதித்த சமூகம், பதினேழு வயதுப் பையன் வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, ஆம்பிளைப் பிள்ளை தானே என்று கடந்து போகிறது. சட்டத்தில் உள்ள வரம்புக்கு முன்பே, ஆண் பிள்ளைக்கு மட்டும் வீட்டில் ஒரு வரம்பு தளர்ந்துவிடுகிறது.

வளாகத்தான் தம்பி பெற்றோரின் மேசை என்று எழுதியிருந்தார். எங்கள் வீடுகளில் அப்படி ஒரு மேசை இல்லை, தம்பி. தகப்பன் குடித்தால் பின்வளவில் நின்று குடிப்பார், அல்லது வெளியே குடித்துவிட்டு வருவார். தாய் அதை அயலுக்குத் தெரியாமல் மறைப்பார். அந்த வீட்டில் பிள்ளை குடிக்கப் பழகினால், தகப்பன் எப்படிக் குடிக்கிறாரோ அப்படித்தான் பழகும். இன்னொரு நாட்டு மேசையைக் கடன் வாங்கிச் சட்டத்தை மாற்ற முடியாது.

என் அக்காவின் மகன் பதினெட்டு வயதில் பிறந்தநாள் கொண்டாட நண்பர்கள் வீட்டுக்குப் போகக் கேட்டபோது, அக்கா அவனிடம் சொன்னது ஒரேயொரு வசனம்: "அங்கே போத்தல் இருந்தால் அது சட்டப்படியும் பிழை, எனக்கும் பிழை." அந்த வசனத்தின் முதற்பாதியை அவளிடமிருந்து எடுத்துவிடாதீர்கள். தகப்பன் இல்லாத வீட்டில் ஒரு தாய்க்கு அதுவும் ஒரு துணை.

வளாகத்தான் எழுதியது:

எல்லாவற்றையும் இரண்டு முறை வாசித்தேன். சட்டத்தரணி அண்ணா சொன்னதை ஏற்கிறேன்; விற்பவர்தான் தண்டிக்கப்படுகிறார் என்பது எனக்கு இதுவரை தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. ஆனி அக்கா மேசையைப் பற்றி எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் நடுவழி ஒன்று இருக்கிறது. நோர்வேயில் பியரும் வைனும் 18 இல், கடும் மதுவகை 20 இல். சுவிஸ் நாட்டில் 16, 18. எங்கள் உறவினர் பாதிப் பேர் இப்படிப்பட்ட நாடுகளில்தான் பிள்ளை வளர்க்கிறார்கள். சாராயத்துக்கு 21 இருக்கட்டும், பியருக்கு 18 ஆக்கலாம் என்றால், சாராயத்தை அவசரமாக விழுங்குவதிலிருந்து பிள்ளைகள் விலகக்கூடும் அல்லவா? கஞ்சாவும் அதைவிடக் கொடிய ஐஸ் என்ற போதைப்பொருளும் கடலால் வந்து இறங்குகிற இந்தக் குடாநாட்டில், ஒரு பியர் போத்தலைத் தடுத்து அவனை எதன் பக்கம் தள்ளுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

வயதைக் குறைத்த நாடுகளில் எல்லாமே கெட்டுப்போனதாகவும் சொல்ல முடியாது. நியூசிலாந்து 1999 டிசம்பரில் 20 இலிருந்து 18 ஆகக் குறைத்தது. 15 முதல் 19 வயது வரையானவர்களின் விபத்துகள் அதன்பின் கூடின என்று ஓர் ஆய்வு சொல்லியது. பின்னர் வந்த இன்னோர் ஆய்வு அத்தகைய நிலையான உயர்வு இல்லை என்றது. அந்த நாட்டுப் பாராளுமன்றம் 2012 இல் மறுபடி வாக்கெடுத்து 18 ஐயே வைத்துக்கொண்டது.

இரவுக்கடமை எழுதியது:

நான் தாதிய உத்தியோகத்தர். அவசர சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் இரவுக்கடமை செய்தவள். தம்பியின் நடுவழி பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பியர் என்றால் இலகுவானது என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். இங்கே இளைஞர்கள் விரும்பி வாங்குவது கடும் பியர். அதில் மதுசாரம் 8 வீதத்துக்கு மேல். சாதாரண பியரில் 5 வீதம் அளவில் இருக்கும். கடும் பியர் பெரிய போத்தல் இரண்டைக் குடித்தவனுக்குள் போகும் மதுசாரம், சாராயக் கால் போத்தல் ஒன்றில் உள்ளதைவிட அதிகம். கணித ஆசிரியர் இங்கே இருக்கிறார், 625 மில்லிலீற்றரையும் 180 மில்லிலீற்றரையும் வைத்து அவரே பெருக்கிப் பார்க்கட்டும். பிரித்து வயது வைப்பதானால் போத்தலின் பெயரைப் பார்க்காமல் அதில் உள்ள வீதத்தைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

இளம் உடல் பெரியவரின் உடலைப் போல அதைத் தாங்குவதில்லை. மூளையின் முன்பகுதி, அதாவது யோசித்து நிறுத்தும் பகுதி, இருபதுகளின் நடுப்பகுதிவரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. வெறும் வயிற்றில் குடித்தால் குருதியில் வெல்லம் சட்டென்று இறங்கிவிடும்; நினைவு தப்பியவன் மல்லாந்து கிடக்கும்போது சத்தி எடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நாங்கள் கண்ட மரணங்களில் விபத்துக்கு அடுத்து என் மனதில் நிற்பது அதுதான்.

வளாகத்தான் தம்பி சொன்னதில் ஒன்று முழு உண்மை, அதை ஆசிரியர் ஐயாவும் கவனிக்க வேண்டும். பயம் உயிரை எடுக்கிறது. ஒரு நாள் பின்னிரவு இரண்டரை மணிக்கு மூன்று பையன்கள் நான்காமவனை ஓட்டோவில் கொண்டுவந்தார்கள். உடல் குளிர்ந்து, உதடு நீலம் பாரித்திருந்தது. அவனுக்கு நினைவு தப்பியது பதினொரு மணிக்கு. பொலிசுக்கு அறிவித்துவிடுவார்கள், வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து, தேசிக்காய்த் தண்ணீர் பருக்கி, தலையில் தண்ணீர் ஊற்றி, மூன்றரை மணித்தியாலம் காத்திருக்கிறார்கள். அவன் பிழைத்தான், ஆனால் நான்கு நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். குடித்ததற்காக உன்னை யாரும் பிடிக்கப் போவதில்லை என்பது அந்த மூவருக்கும் தெரிந்திருந்தால் பதினொன்றரைக்கே வந்திருப்பார்கள். சட்டத்தரணி இங்கே எழுதியதை ஒவ்வொரு பாடசாலையிலும் சொல்ல வேண்டும். நினைவு தப்பியவனை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், எதையும் வாயில் ஊற்றக்கூடாது, உடனே 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தை அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மருதநிழல் எழுதியது:

பெருக்கிப் பார்த்தேன். 625 மில்லிலீற்றர் கொண்ட 8 வீதப் போத்தல் ஒன்றில் 50 மில்லிலீற்றர் தூய மதுசாரம், இரண்டில் 100. சாராயத்தில் மூன்றில் ஒரு பங்கு மதுசாரம் என்று கொண்டால் கால் போத்தலில் 60. அம்மா சொன்னது சரி. நாளை வகுப்பில் இதையே ஒரு கணக்காகக் கொடுக்கப் போகிறேன்.

தாதிய அம்மா சொன்ன இரவு என்னை வெகுநேரம் தூங்க விடவில்லை. மதகில் என் மாணவனைக் கண்ட அன்று நானும் அவனைக் குனிய வைத்துத் தண்ணீர் பருக்கினேன். எனக்கும் தெரிந்திருக்கவில்லை. அன்றைக்கு அவன் தாயிடம் சொல்லாமல் விட்டதும் சரியா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. அவன் கேட்டுக்கொண்டான், நான் ஒத்துக்கொண்டேன்.

வயதைக் குறைக்கக்கூடாது என்ற என் நிலைப்பாடு மாறவில்லை. மாறியது, எதை முதலில் கேட்க வேண்டும் என்பது. பதினெட்டா இருபத்தொன்றா என்று கொழும்பில் முடிவு செய்வதற்கு முன்பே எங்கள் ஊரில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. புதிய அடையாள அட்டையின் இலக்கம் 12 தானங்கள் கொண்டது. அதன் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. கம்பி வலைக்குள்ளால் அட்டையை நீட்டினால், எண்ணைப் பார்த்த உடனே தெரிந்துவிடும். பெயரை வாசிக்கத் தேவையில்லை, கணக்குப் பார்க்கவும் தேவையில்லை. இதற்கு இரண்டு நொடி போதும். வரிசை மறியாது. மதுபானக் கடைகளுக்கான உரிமம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. அந்தப் புதுப்பித்தலுக்கு முன், அட்டை பார்க்கப்படுகிறதா என்ற கேள்வியை எங்கள் சனசமூக நிலையமும் பெற்றோரும் எழுத்தில் பிரதேச செயலகத்துக்கும் மதுவரித் திணைக்களத்துக்கும் அனுப்பலாம்.

தம்பி, கஞ்சா பற்றி நீங்கள் எழுதியது எனக்கும் பயம் தருகிற விடயம். ஆனால் என் வகுப்பில் நான் கண்ட அளவில், அந்தப் பக்கம் போன பிள்ளைகள் பியர் கிடைக்காமல் போனவர்கள் அல்லர். முதலில் பியர், பிறகு மற்றது, இரண்டும் ஒரே கூட்டாளிகளின் கையால். கடையோரம் சகோதரரிடம் ஒரு கேள்வி: எது நடந்தால் நீங்கள் அட்டை கேட்டிருப்பீர்கள்?

கடையோரம் எழுதியது:

முதலாளி கேட்கச் சொன்னால் கேட்டிருப்பேன், ஐயா. உரிமம் போய்விடும் என்று முதலாளிக்குப் பயம் இருந்தால் அவர் சொல்லியிருப்பார். ஆறு ஆண்டுகளில் அதிகாரிகள் வந்து இருப்புப் புத்தகத்தைப் பார்த்தார்கள், போத்தலின் ஸ்ரிக்கரைப் பார்த்தார்கள், பூட்டும் நேரத்தைப் பார்த்தார்கள். யாருக்கு விற்றாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. ஓட்டோக்காரர் வாங்கிக் கொடுப்பதை அட்டையால் நிறுத்த முடியாது. ஆனால் அவருக்கும் ஒரு கூலி கொடுக்க வேண்டும் என்றால் பத்துப் பேரில் நான்கு பேராவது திரும்பிப் போவார்கள்.

கடிதம் எழுதுவீர்களானால், பலகையை எங்கே மாட்ட வேண்டும் என்பதையும் எழுதுங்கள். விற்பவரின் தலைக்குப் பின்னால் வேண்டாம். துவாரத்துக்கு நேரே, காசு வைக்கும் பலகையில், அவர் கண்ணுக்கு எதிரே ஒட்டச் சொல்லுங்கள்.

மருதநிழல் எழுதியது:

அதையும் சேர்த்துவிட்டேன். கடிதம் இரண்டு பக்கம். திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்குச் சனசமூக நிலையத்தில் வாசித்து ஒப்பம் வாங்குவோம். அயல் ஊர்களில் இருப்பவர்கள் தங்கள் நிலையங்களுக்காக இதே கடிதத்தைப் பயன்படுத்தலாம். நினைவு தப்பியவருக்குச் செய்ய வேண்டியதைத் தாதிய அம்மா ஒரு தாளில் எழுதித் தந்தால், படி எடுத்து உயர்தர வகுப்புகளில் ஒட்டுவதற்கு அதிபர்களிடம் நான் பேசுகிறேன்.

இரவுக்கடமை எழுதியது:

இன்று இரவே எழுதி அனுப்புகிறேன்.

வளாகத்தான் எழுதியது:

நானும் திங்கட்கிழமை வருகிறேன், ஐயா. கடிதத்தில் 21 வயதைக் குறைக்கக்கூடாது என்ற பந்தி இருந்தால் அதற்கு என்னால் ஒப்பமிட முடியாது. அதில் என் எண்ணம் இன்னும் மாறவில்லை. அடையாள அட்டை பற்றிய பகுதியைத் தனித் தாளில் எழுதி வைத்தால், வளாகத்திலிருந்து இன்னும் பத்துப் பேரை அழைத்து வந்து ஒப்பமிடுவேன்.

மருதநிழல் எழுதியது:

தனித் தாளில் எழுதி வைக்கிறேன், தம்பி. அவர்களையும் அழைத்து வாருங்கள்.